குறைந்த கிலோமீட்டர் மட்டும் போதாது

பத்தாண்டு பழைய ஸ்போர்ட்ஸ் செடானாக இருந்தாலும் குறைவாக ஓடியிருந்தால் அதை வாங்கும் மாணவருக்குப் பராமரிப்புச் செலவே வராது என்று ஒருவர் எழுதியிருப்பது தவறான வழிகாட்டல். டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைந்து இயக்கும் ரப்பர் பட்டை) உள்ள எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கிலோமீட்டர், ஆண்டு என இரு வரம்புகளைக் குறித்து, எது முதலில் வருகிறதோ அப்போதே பெல்ட்டை மாற்றச் சொல்கிறார்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் முதுமையடையும், பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி, பெல்ட்டின் விலையைப்போலப் பல மடங்கு செலவை இழுத்து வைத்துவிடும். பிரேக் திரவமும் அப்படித்தான்: ஈரத்தை உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை குறைகிறது. டயருக்கும் வயது உண்டு: அதன் பக்கவாட்டில் 2316 என்றிருந்தால், அது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. விற்பவர் பெருமையாகக் காட்டும் ஓடோமீட்டரைவிட இந்த நான்கு இலக்கங்களை முதலில் பாருங்கள்.