94% குறைந்தது மின்கட்டணம் அல்ல

பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றம் கூடும் ரைக்ஸ்டாக் கட்டடத்தில் ஸ்மார்ட் சென்சார் பொருத்தியதால் மின்செலவு 94% குறைந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த எண் எங்கிருந்தோ கிளப்பிவிட்டதல்ல, ஆனால் அது வேறொன்றின் கணக்கு. 1894-இல் திறந்த அந்தக் கட்டடத்தை பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் 1999-இல் புதுப்பித்து முடித்தபோது சொன்னது கார்பன் உமிழ்வைப் பற்றி: ஆண்டுக்கு 7,000 டன்னாக இருந்தது 440 டன்னாகும், அதாவது சுமார் 94% குறையும் என்று.

அதற்கு முக்கியக் காரணம் எரிபொருள். புதைபடிவ எரிபொருளுக்குப் பதில் தாவர எண்ணெயை எரித்து, அதிலேயே மின்சாரமும் சூடும் எடுக்கிறார்கள். அந்தப் பயிர் வளரும்போது கார்பனை உறிஞ்சும் என்பதால்தான் கணக்கில் உமிழ்வு இவ்வளவு குறைகிறது. இதை மின்சேமிப்பு என்று எப்படிச் சொல்வது?

எனக்குப் பிடித்தது தரைக்கடியில் நடக்கும் வேலை. கோடையில் மிஞ்சும் வெப்பத்தைச் சுமார் 300 மீட்டர் ஆழத்து நிலத்தடி நீரில் சேமித்து, குளிர்காலத்தில் மேலே எடுக்கிறார்கள். குளிர்ச்சிக்கு இன்னொரு நீரடுக்கு, 60 மீட்டர் ஆழத்தில்.

தானியங்கிக் கருவியே இல்லை என்று சொல்லவில்லை. கண்ணாடிக் கூரைக்குள் இருக்கும் வெயில்மறைப்பு சூரியனைப் பின்தொடர்ந்து தானே நகரும். ஆனால் அந்த 94%-ஐ சென்சார் கணக்கில் எழுதுவது சரியில்லை.