சிரித்தீர்களே, சரி

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். "உள்ளே போயிட்டு வந்தவனெல்லாம் புக்கு போட்டா எத்தனையைத்தான் வாங்குறது? எல்லாம் ஒரே புலம்பல்" என்று, சிறைக்குப் போய் வந்தவர்கள் எழுதும் புத்தகங்களைப் பற்றி மேடையில் சொன்னார் அண்ணன். அரங்கமே சிரித்தது. சிரித்தவர்களில் என் நண்பர்களும் உண்டு.

அண்ணன் எதைப் படித்துவிட்டுச் சொல்கிறார்? ராஜாஜி 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனார். சுயராஜ்யம் வந்தாலும் தேர்தல் ஊழலும் பணத்தின் ஆட்டமும் ஜனங்களைப் படுத்தி எடுக்கும் என்று 1922 ஜனவரியிலேயே சிறை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இது புலம்பலா? வ.உ.சி. செக்கிழுத்த கதையை மேடைக்கு மேடை முழங்குகிறோம். அவரே செய்யுளில் எழுதிய சுயசரிதையை எத்தனை பேர் பிரித்தோம்? தூக்குத் தண்டனை குறைக்கப்பட்டு உள்ளே இருந்த தோழர் தியாகு, மார்க்சின் 'மூலதன'த்தையே அங்கே உட்கார்ந்துதான் தமிழாக்கினார். சிறை அனுபவங்களைச் சொல்லும் 'சுவருக்குள் சித்திரங்கள்' எழுதியவரும் அவர்தான். புலம்பலாம்!

"அவங்க தியாகி, இவன் திருடன்" என்று வருவீர்கள். திருடனுக்கும் அதே பூட்டுதான். உள்ளே நடப்பதை உள்ளே இருந்தவன்தான் சொல்ல முடியும். ஒருதலைப்பட்சமா? ரிட்டையர்டு அதிகாரி எழுதினால் மட்டும் பொன்னாடை போர்த்துகிறோமே, அது எத்தனை தலைப்பட்சம்? பாதிக்கப்பட்டவர் தரப்பு என்னாவது என்றால், நியாயமான கேள்வி. இன்னொரு நாள் பேசுவோம். மறுபடியும் சொல்கிறேன், உள்ளே இருந்தவன்தான் சொல்ல முடியும்.

என் மாமா ஒருவர் வாய்க்கால் தகராறில் ஏழு மாதம் ரிமாண்டில் இருந்தார். பிறகு வழக்கில் விடுதலை. மனு போட்டுப் பார்க்க அத்தையோடு நானும் போவேன். கம்பிவலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்துவோம். அவர் உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதி புரியும். அத்தை ஒவ்வொரு தடவையும் கேட்டது "சாப்டீங்களா" மட்டும்தான். வெளியே வந்தும் பல வருஷம் மாலை ஐந்தரைக்கே தட்டை எடுத்துவிடுவார். ஆறு மணிக்கு லாக்கப் ஆன பழக்கம்.

போன மாதம் ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்து "எழுதுங்க மாமா" என்றேன். "சிரிப்பாங்க மாப்ளே" என்றார். யாரும் சிரிக்க மாட்டார்கள், வந்து பாருங்கள் என்று சனிக்கிழமை அழைத்து வந்ததும் நான்தான். மூன்றாவது வரிசையில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் பேசி முடித்ததும் எழுந்துகொண்டார். கடைசி பஸ் போய்விடுமாம். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு. அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை.