பழசு வேறை, பழுது வேறை

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட ஹெட்லைற் படம் பாத்திருப்பியள். முழுக் கதையையும் திரும்பச் சொல்ல எனக்குப் பஞ்சியாக் கிடக்கு. சுருக்கம் இதுதான்: விளம்பரம் பாத்து என்ர காருக்கு 38,000 ரூபாக்குப் பாவிச்ச ஹெட்லைற் ஒண்டு எடுப்பிச்சனான், பஸ்ஸில வந்தது, பாத்தால் காரோட பொருத்திப் பூட்டுற காது ரெண்டும் உடைஞ்சு கிடக்கு. கீழ வந்த கொமென்றுகளுக்குத்தான் இது. ஒவ்வொருத்தருக்கா பதில் எழுத வெளிக்கிட்டனான், நாலாவது ஆளோட கை நடுங்கத் தொடங்கீட்டுது. அதால எல்லாருக்கும் ஒண்டா எழுதுறன்.

"பாவிச்ச சாமான் எண்டால் அப்பிடித்தான் மச்சான்" எண்டு பதினொரு பேர் எழுதியிருக்கிறியள். எப்பிடித்தான்? கண்ணாடி மங்கியிருக்கும், ஓம். கீறல் இருக்கும், ஓம். வெயில் பட்டு மஞ்சளடிச்சிருக்கும், தண்ணிப் பேப்பர் போட்டுத் தேச்சு எடுக்கலாம். அதுக்குத்தானே விலை குறைச்சுக் குடுக்கிறது. ஆனால் பூட்டுற காது ரெண்டும் இல்லாத ஹெட்லைற் பழசில்லை ஐயா, அது பழுது. நான் பழசுக்குக் காசு குடுத்தனான். பழுதுக்குக் குடுக்கேல்லை. விளம்பரத்தில "ஜப்பான் ரீகண்டிஷன், குறை ஒண்டுமில்லை" எண்டு போட்டிருந்தது. படம் மூண்டும் முன்பக்கம். பின்பக்கத்தைக் காட்டேல்லை. கேட்டு வாங்காதது என்ர பிழை, சரி, அதை ஒத்துக்கொள்ளுறன். அந்தப் பிழைக்கு 38,000 ரூபா குற்றக்காசோ?

"பஸ்ஸில போட்டால் உடையத்தான் செய்யும்" எண்டவைக்கு. நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சனான். கொண்டக்டரைத்தான் மனசுக்குள்ள திட்டினனான், பாவம் அந்த மனுசன். பேந்து கொக்குவில் கராஜில குடுத்தால், மெக்கானிக் தம்பி அதைக் கையில எடுத்து, உடைஞ்ச இடத்தில வாயால ஊதி, சுண்டுவிரலால தடவிப் பாத்தார். விரல் கறுத்துப்போச்சு. தூசியும் கிறீசும். மற்றக் காது இருந்த இடத்தில காய்ஞ்ச பலாப்பால் மாதிரி மஞ்சளா ஒரு பசை. ஆரோ ஒருக்கா ஒட்டிப் பாத்து, அதுவும் கழண்டிருக்கு. தம்பி ஒண்டும் கதைக்கேல்லை. மூலையில கிடந்த பழைய பம்பர் ஒண்டில ஒரு துண்டை முறிச்சு எனக்கு முன்னால பிடிச்சார். முறிஞ்ச இடம் வெள்ளையா, சுத்தமா இருந்தது. "இண்டைக்கு உடைஞ்சால் இப்பிடி இருக்கும் அண்ணை. உங்கட லைற் இஞ்ச வரமுதலே உடைஞ்சது." இதையும் படமெடுத்துப் போட்டனான். அதுக்குக் கீழயும் ஒருத்தர் வந்து "பஸ்ஸில உடைஞ்சிருக்கும்" எண்டு எழுதியிருக்கிறார். படத்தைப் பாக்கிறேல்லை எண்டு நேர்த்தி போலக் கிடக்கு.

அடுத்தது வீடியோ. "பார்சல் உடைக்கேக்க வீடியோ எடுத்தனீங்களோ?" எண்டு வித்தவரும் கேட்டார், நீங்களும் கேக்கிறியள். பார்சல் எடுத்தது விடிய அஞ்சரைக்கு, யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில, மழைக்குள்ள. ஒரு கையில குடை, மற்றக் கையில பார்சல், போனை வாயிலயோ பிடிக்கிறது? குரியரில எடுத்திருக்கலாமே எண்டுவியள். குரியர்காரப் பெடியன் காசை எண்ணி எடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவான், அவனுக்கு அப்பிடித்தான் சொல்லிவிட்டிருக்கு. வித்தவர் ஒருநாளும் வீடியோ எடுக்கமாட்டாராம், வாங்கிறவன் மட்டும் கலியாண வீட்டுக் கமராக்காரன் மாதிரி நிக்க வேணுமாம். பொதி கட்டேக்க பின்பக்கத்தை ஒரு வீடியோ எடுத்து அனுப்ப அவருக்கு எத்தினை நிமிசம் போகும்?

"பஞ்சிகாவத்தைக்கு நேர போய்ப் பாத்து வாங்கியிருக்கலாமே." கொழும்பில பழைய பாட்ஸ் கடையள் இருக்கிற இடம். ஓம், போகலாம். 400 கிலோமீற்றர் அங்கால. ரெண்டு இரவு பஸ்ஸில, ஒரு நாள் வேலை போகும், சாப்பாடு, ஓட்டோ. போய் நிண்டு கடை கடையா ஏறி இறங்கி, என்ர கார் மொடல், கேஎஸ்பி 130 ரொயோட்டா விட்ஸுக்கு இடப்பக்க லைற் இருக்கோ எண்டு கேட்டு, கண்ணாடியில இருக்கிற கொய்ற்றோ நம்பரை, அதுதான் லைற் செய்த கொம்பனி போட்ட நம்பரை, எங்கடையோட ஒத்துப் பாத்து... இதெல்லாம் தெரிஞ்சுதான் சொல்லுறியளோ? 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, 2025 தொடக்கத்திலதான் திறந்தவை. திறந்த பிறகும் வரியைப் பாத்தால் புதுக்கார் எங்களுக்குக் கோபுரத்துக் கலசம். இருக்கிறதைத்தான் தைச்சுப் பிடிச்சு ஓட வேணும். அதால இண்டைக்கு இஞ்ச பாதிச் சனம் பழைய பாட்ஸைத்தான் நம்பியிருக்கு. இது என்ர ஒரு லைற்றின்ர கதையில்லை.

நான் அப்புக்காத்து இல்லை. ஆனால் தெரிஞ்சதைச் சொல்லுறன், ஆருக்கெண்டாலும் உதவும். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது, என்ர காரை விடப் பழசு, ஆனால் பழுதில்லை. விவரம் சொல்லி வித்தால் பொருள் அந்த விவரத்தோட ஒத்துப்போக வேணும் எண்டு அதில கிடக்கு. பிறகு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள அந்த அதிகாரசபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுக்க வேணும், அவையின்ர 1977 எண்ட நம்பருக்குப் போன் எடுத்தும் கேக்கலாம். மூண்டு மாசத்தை ஞாபகம் வைச்சிருங்கோ. "நாளைக்கு அனுப்புறன் அண்ணை", "முதலாளி வெளியூர் அண்ணை" எண்டு இழுக்கிறதே அந்த மூண்டு மாசத்தைக் கடத்தத்தான் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. மத்தியஸ்த சபையும் இருக்கு, 1988 ஆம் ஆண்டுச் சட்டம், சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் அவை தீர்ப்புச் சொல்லமாட்டினம், இணக்கம்தான் பேசுவினம். அதுக்கு மற்றவரும் வரவேணுமே. வரச்சொல்லி எந்த விலாசத்துக்கு அனுப்புறது? அவரிட்ட இருக்கிறது ஒரு பக்கம், ஒரு போன் நம்பர். பில் கேட்டால் "பில் எல்லாம் இல்லை அண்ணை, நம்பிக்கைதானே." வங்கிக் கணக்கு வேற ஆற்றையோ பேரில. நான் காசு போட்ட வங்கிச் சிட்டையையும் வட்ஸ்அப் கதையையும் எடுத்து வைச்சிருக்கிறன், வேற ஒண்டும் கையில இல்லை.

நம்பிக்கை எண்ட சொல்லைக் கேட்டாப் பிறகுதான் எனக்கு அப்பான்ர நினைப்பு வந்தது.

அப்பா ஒஸ்ரின் ஏ40 கார் வைச்சு ஹயர் ஓடினவர். தொண்ணூறுகளில, பொருளாதாரத் தடைக்குள்ள. போத்தலில கொஞ்சம் பெற்றோல் ஸ்ராட் பண்ண மட்டும், பேந்து மண்ணெண்ணெய். புகையில நாங்கள் பின்சீற்றில இருமிக்கொண்டு போவம். பாட்ஸ் எண்டால் உள்ளுக்கு வராது, ஆற்றையோ செத்த காரில கழட்டினதுதான். ஒருக்கா டைனமோ போயிட்டுது. சுன்னாகத்தில ஒரு ஐயாவிட்ட இருக்கெண்டு என்னையும் சைக்கிள் பாரில இருத்திக்கொண்டு போனவர். அந்த ஐயா சாக்கால சுத்தின டைனமோவை எடுத்து மேசையில வைச்சிட்டு, விலை சொல்லமுதல், ஒரு சோக்குத் துண்டை எடுத்து அதின்ர வயித்தில எழுதினார்: "புஸ் தேய்வு." உள்ள சுத்துற தண்டைத் தாங்கிற வளையம்தான் புஸ். "ரெண்டு மாசம் ஓடும் தம்பி, அதுக்குள்ள கடைஞ்சு போடும்" எண்டார். அவர் நினைச்சிருந்தால் அப்பாவின்ர காற்சட்டையையும் உருவியிருக்கலாம், ஊரிலயே வேற டைனமோ இல்லை. பில் அவரிட்டயும் இல்லைத்தான். சோக்கு இருந்தது.

உடன ஒருத்தர் வருவார், "அந்தக் காலம் போட்டுது அண்ணை" எண்டு. போகட்டும். போனிலதான் இப்ப எழுதுறது, "காது ரெண்டும் இல்லை" எண்டு மூண்டு சொல் எழுத சோக்கும் தேவையில்லை.

கடைசியா, எனக்கு உண்மையில நொந்தது. "எங்கட பெடியன் ஒருத்தன் உழைச்சு முன்னுக்கு வாறது பொறுக்கேல்லை" எண்டு ஒரு கொமென்ற். நான் பேர் போட்டனானோ? பேரையும் நம்பரையும் கறுப்படிச்சுத்தான் படம் போட்டனான். "அவருக்கென்ன, அண்ணன் கனடா, 38,000 ஒரு காசோ" எண்டு இன்னொண்டு. அண்ணன் கனடாவில பனிக்குள்ள நிக்கிறார், எனக்கு ஹெட்லைற் வாங்கித்தர இல்லை. அதுக்குச் சிரிப்புக்குறி போட்டவர் என்னோட ஒரே வாங்கில இருந்து படிச்சவர். அவர்ர தகப்பன்ர செத்த வீட்டுக்கு ஆக்களை ஏத்தி இறக்க இதே கார்தான் மூண்டு நாள் ஓடினது. அப்ப லைற் ரெண்டும் எரிஞ்சது.

உடைஞ்சதை வித்தவனுக்கு ஒரு கொமென்ற் இல்லை. உடைஞ்சிருக்கு எண்டு சொன்னவனுக்கு எண்பது. அடிச்சவனை விட்டிட்டு அழுதவனுக்கு அடிக்கிறதில எங்கட ஆக்களை அடிக்க ஆளில்லை. இனி ஆரும் ஏமாந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பினம், விக்கிறவருக்கும் அதுதானே வேணும்.

இதை எழுதிக்கொண்டிருக்கேக்க வட்ஸ்அப்பில வந்திருக்கு. "அண்ணை ஒரு 8000 போட்டு விடுறன், பதிவைத் தூக்குங்கோ."

நீர் லைற்றைத் தூக்கும், நான் பதிவைத் தூக்கிறன் எண்டு போட்டிருக்கிறன். நீலக்கோடு ரெண்டும் விழுந்திட்டுது. பதில் இன்னும் இல்லை.