நிண்டா குளிருது, ஓடினா கொதிக்குது

இப்ப காரின்ர ரேடியேற்றர் ஃபான் மோட்டரும் புதுசு. புளியங்குளம் தாண்டேல்லை, ஹீட் காட்டிற ஊசி எழும்பீட்டுது.

வீட்டு முத்தத்தில அரை மணித்தியாலம் ஸ்டாட்டில விட்டாலும் அசையாத ஊசி. கிளிநொச்சிச் சந்தையடி நெரிசலில ஊர்ந்து போனாலும் அசையாத ஊசி. ஏ9 றோட்டில வேகம் 70ஐத் தொட்டாப் போதும், சிவப்புக் கோட்டைப் பாக்க வெளிக்கிடுது. இதில ஃபானுக்கு என்ன வேலை? கார் ஓடேக்க முன்னால இருந்து காத்துத் தானா அடிக்குது. அந்த வேகத்தில ஃபான் சுத்தினா என்ன, நித்திரை கொண்டா என்ன? ஃபான் பழுதெண்டா நிக்கேக்கதானே ஹீட் ஆகவேணும்! ஆனா நான் சொன்னா ஆர் கேக்கிறது? "அண்ணையை ஒருக்கா வரச்சொல்லுங்கோ தங்கச்சி" எண்டார் கராஜ் பாஸ். அண்ணை எண்டது என்ர மனுசனை. அந்த மனுசனுக்குப் பொனற் எந்தப் பக்கம் திறக்குமெண்டே தெரியாது. அவர் வந்து நிண்டு "ம்ம்" எண்டார். பாஸும் "ம்ம்" எண்டார். ஃபான் மாத்துறதெண்டு முடிவாச்சு.

அதுக்கு முதல் நடந்த செக்கிங்கைக் கேளுங்கோ. காரை வேப்பமர நிழலில விட்டு ஸ்டாட் பண்ணினார். பொனற்றைத் திறந்தார். கையைக் கட்டிக்கொண்டு நிண்டார். நாங்களும் நிண்டம். ஒரு பெடியன் பிளேன் ரீ கொண்டுவந்தான். எல்லாரும் ஊசியைப் பாத்தம். ஊசி நடுவில தவம். "பாத்தியளோ, ஒரு பிரச்சினையுமில்லை." அண்ணை, றோட்டில கொண்டுபோய்ப் பாருங்கோ எண்டன். கொண்டுபோனார். கேற்றால வெளிய போய், சந்தியடியில திருப்பிக்கொண்டு வந்தார். மூண்டாம் கியரைக் கார் கண்டிராது. என்ர தேத்தண்ணி ஆறவுமில்லை. "பாத்தியளோ!"

சரி, நிண்ட இடத்திலயே பாக்கிறதெண்டா இப்பிடிப் பாருங்கோ எண்டன். 3000 ஆர்பிஎம்முக்கு றேஸ் பண்ணிப் பிடிச்சுக்கொண்டு ரேடியேற்றரின்ர கீழ் ஹோஸைப் பாருங்கோ. அது பம்ப் தண்ணியை உறிஞ்சிற பக்கம். ஹோஸ் நைஞ்சு, உள்ளுக்க இருக்கிற கம்பிச் சுருளும் கறள் பிடிச்சு உக்கியிருந்தா, வேகத்தில உறிஞ்சேக்க ஹோஸ் சப்பையாகிப் போகும், தண்ணி ஓடாது. றேஸைக் குறைச்சா ஒண்டுமே நடக்காத மாதிரித் திரும்ப உருண்டு வந்திடும். பாஸ் சிரிச்சார். "யூரியூப் பாக்கிறனியளோ?"

ஓம் பாக்கிறன். நீங்கள் ஹோஸைப் பாருங்கோவன்!

பாக்கேல்லை. என்ஜின் சூடானாப் பிறகு திறந்து தண்ணியை ரேடியேற்றருக்கு விடுற தேர்மோஸ்டாட் வால்வை மட்டும் கழட்டி எறிஞ்சார். "உது குளிர் நாட்டுக்குச் செய்தது, எங்கட வெயிலுக்குத் தேவையில்லை." ஜப்பான்காரன் விசரன், வவுனியாவில வெயில் எண்டு தெரியாமச் செய்துபோட்டான். சில என்ஜினில உந்த வால்வு திறக்கேக்கதான் குறுக்குவழியை மூடும். அதைக் கழட்டினா, கொதிதண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கம் போகாமலே திரும்ப என்ஜினுக்குள்ள போகும். கூடாத வியாதிக்குக் கூடாத மருந்து. ரேடியேற்றர் மூடியில 1.1 எண்டு அடிச்சிருக்கு. அந்த அமுக்கத்தைப் பிடிச்சாத்தான் தண்ணி 120 பாகை வரைக்கும் கொதியாம நிக்கும். அந்த மூடியின்ர ரப்பரைத் திருப்பிக்கூடப் பாக்கேல்லை.

எனக்கெண்டா ரேடியேற்றருக்குள்ள அடைப்பெண்டுதான் படுது. எங்கட கிணத்துத் தண்ணியைக் காய்ச்சிற கேத்திலின்ர அடியைப் பாத்திருப்பியள், வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருக்கும். முந்தி இந்தக் காரை வச்சிருந்தவை ரேடியேற்றருக்கு ஊத்திறதுக்கெண்டே கூலன்ட் எண்டு ஒண்டிருக்கிறதையே கேள்விப்படாம அந்தத் தண்ணியைத்தான் ஊத்தியிருக்கினம். பாதிக் குழாய் அடைச்சாலும் மெதுவா ஓட மிச்சப் பாதி காணும். இழுத்து ஓடினா என்ஜின் கக்கிற சூட்டுக்குக் காணாது. ஆனா ரேடியேற்றரைக் கழட்டிப் பாக்க அரை நாள் வேலை, ஃபான் மாத்த அரை மணித்தியாலம். அப்ப எது பழுதெண்டு விளங்குதுதானே?

புளியங்குளத்தில எழும்பின ஊசி கனகராயன்குளத்தில முக்காலில. ஏசியை நிப்பாட்டி, ஹீற்றரை முழுசாத் திறந்துவிட்டன். என்ஜின் சூட்டை எங்கட மேலில இறக்கினா அது தப்பும், வேற வழியில்லை. பின் சீற்றில மாமி. "பிள்ளை, ஏசி சுடுகாத்து விடுது." ஓம் மாமி. "யன்னலைத் திறந்தாலும் சுடுது." ஓம் மாமி. மாங்குளம் வரைக்கும் 40இல உருட்ட ஊசி இறங்கிச்சு. திரும்ப மிதிக்க ஏறிச்சு. பின்னால வந்த பஸ்காரன் அடிச்ச ஹோர்ன் இன்னும் காதுக்க நிக்குது.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில நிப்பாட்டினன். எல்லாரும் நிப்பாட்டிற இடம்தானே, மானம் போகேல்லை. பொனற்றைத் திறந்ததுதான் தாமதம், வந்து நிண்ட வான்காரர் முழுப்பேரும் வைத்தியர் ஆகீட்டினம். ஒராள் ஹெட் கஸ்கற் எண்டார், ஒராள் ஒயில் எண்டார், ஒரு ஐயா போகேக்க தேங்காய் உடைச்சனியளோ எண்டார். பாஸுக்கு ஃபோன் அடிச்சன்.

"இப்ப கார் எங்க நிக்குது?"

"முறிகண்டியில."

"நிக்கேக்க ஹீட் ஏறுதோ?"

"இல்லை."

"அப்ப ஃபான் நல்லா வேலை செய்யுது தங்கச்சி."

நான் சிரிச்ச சிரிப்பில மாமி பயந்து பிள்ளையாரிட்டை ஓடீட்டா. வரேக்க ஒரு பை கச்சானோட வந்தா. இந்தக் கச்சானைப் பற்றியும் ஆராவது கேக்கவேணும். பை ஊதிப் பெருத்திருக்கு, உடைச்சுப் பாத்தா கனக்கக் கோதுக்குள்ள பருப்பே இல்லை, இருக்கிறதும் கருகினது. விலை ஏன் கூட எண்டு கேட்டா மழையாம். கோடையில கேட்டன், அப்ப வெயிலாம்.