சாரி சொல்ல வைப்பதில் ஏன் இத்தனை அவசரம்?

பெங்களூரில் எந்த அபார்ட்மென்டாக இருந்தாலும் சரி, மாலை ஆறு மணிக்குச் சறுக்குமரத்துப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் இது காதில் விழும்: "சாரி சொல்லு. சொன்னாத்தான் விளையாட்டு, இல்லேன்னா வீட்டுக்கு வா." இரண்டரை வயதுப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு "சாயி" என்று முனகும். சுற்றி நிற்கும் பெரியவர்கள் முகம் தெளியும். சற்று நேரத்தில் அதே பிள்ளை அதே குழந்தையை மறுபடி தள்ளும். "எத்தனை சொன்னாலும் திருந்த மாட்டேங்கிறான்" என்று அம்மா நொந்துபோவார்.

திருந்துவதற்கு அவனுக்கு நாம் எதையும் கற்றுக்கொடுக்கவே இல்லை. ஒரு சொல்லை முனகினால் விட்டுவிடுவார்கள் என்பதை மட்டும் அவன் தெரிந்துகொண்டான். விழுந்த குழந்தையின் முட்டி அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது.

அந்த வயதில் இரக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள். 2006இல் வார்னகென், டொமசெல்லோ என்ற ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகள் 24 பேரை வைத்துப் பார்த்தார்கள். துணி காயப்போடும் ஒருவர் கிளிப்பைக் கீழே நழுவவிட்டு, எடுக்க எட்டாமல் தவிப்பார். இப்படிச் சில சூழல்கள். 22 குழந்தைகள் ஒரு முறையாவது தாமாகப் போய் உதவினார்கள். உதவும் எண்ணம் பள்ளிக்கூடம் போகும் முன்பே வந்துவிடுகிறது. தள்ளப் போகும் கையைத் தானே நிறுத்தும் பலம்தான் இன்னும் வரவில்லை. அதைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதி முழுதாய் முதிர இருபது வயதைத் தாண்டும். இன்னொருவர் மனதில் தான் நினைப்பதற்கு மாறான நினைப்பு இருக்கலாம் என்பதும் 4 வயதை ஒட்டித்தான் தெளிவாகப் பிடிபடுகிறது.

சரி, தள்ளிவிட்டான். என்ன செய்வது?

முதலில் கையைப் பிடித்து நிறுத்துங்கள். இறுக்க வேண்டாம். அவன் உயரத்துக்குக் குனிந்து, அவனையும் கூட்டிக்கொண்டு நேராக விழுந்த குழந்தையிடம் போங்கள். இந்த வரிசை முக்கியம். முதல் கவனம் தள்ளியவனுக்குத் திட்டாகப் போனால், தள்ளினால் அம்மா ஓடி வருவாள் என்று அவன் மனதில் பதியும். அடிபட்டவளைத் தடவிக்கொடுத்தபடி, அவன் காதில் விழ நான்கே வாக்கியம்: "உனக்கு வண்டி வேணும்னு இருந்துச்சு. தள்ளிட்ட. அவ விழுந்துட்டா. முட்டி சிவந்திருக்கு பாரு." அவன் ஆசை, அவன் செயல், அவளுக்கு நேர்ந்தது எல்லாம் இதில் கோர்வையாக வந்துவிடுகிறது. "நீ கெட்ட பையன்" என்பதில் இவற்றில் எதுவுமே இல்லை.

அடுத்து, கைக்கு ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துவரட்டும், ஈரத் துணி கொண்டுவரட்டும், கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தி அவளிடம் தரட்டும். அவன் பக்கத்தில் வருவதே அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் கட்டிப்பிடிக்கச் சொல்லி இருவரையும் படுத்தாதீர்கள். துணியை உங்கள் கையில் கொடுத்தாலே போதும். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, எல்லாம் அடங்கிய பிறகு பொம்மையை வைத்து இரண்டு மூன்று தடவை ஒத்திகை பாருங்கள்: கையை நீட்டி "எனக்கும் வேணும்" என்று கேட்பது, தராவிட்டால் பெரியவர்களைக் கூப்பிடுவது.

இது சரிப்படாமல் போகும் இடங்கள் எனக்குத் தெரிந்து இரண்டு. பிள்ளை அலறிக்கொண்டிருக்கும்போதே பாடம் நடத்துவது முதலாவது. அப்போது எதுவும் உள்ளே போகாது. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு சீராகும்வரை காத்திருங்கள். இன்னொன்று "ஏன் அடிச்ச?" என்ற கேள்வி. மூன்று வயதில் அதற்குப் பதில் தெரியாது. கேட்கக் கேட்க ஏதாவது ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்லும். அதற்கும் சேர்த்து "பொய் சொல்றியா" என்று அடுத்த திட்டு விழும்.

பொய்யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று, நான்கு வயதில் பொய் வருவது, 'எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது' என்று பிள்ளை கண்டுபிடித்ததால். பயப்பட வேண்டியதில்லை. யார் கிறுக்கியது என்று தெரிந்துகொண்டே "சுவத்துல கிறுக்கினது யாரு?" என்று கேட்டுப் பொறி வைக்காதீர்கள். "சுவத்துல க்ரேயான் இருக்கு. துணி எடுத்துட்டு வா, சேர்ந்து துடைக்கலாம்." 2014இல் காங் லீ, விக்டோரியா தல்வார் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்குக் கதைகள் சொல்லிப் பார்த்தார்கள். நம் 'புலி வருது' கதை போலப் பொய்யனுக்குத் தண்டனை கிடைக்கும் கதைகளால் உண்மை பேசுவது கூடவில்லை. உண்மையைச் சொன்ன பையனை அப்பா பாராட்டும் கதையால் கூடியது. பயமுறுத்துவதைவிட, ஒப்புக்கொண்ட பிள்ளையை நாம் எப்படி ஏற்றுக்கொள்கிறோம் என்பதுதான் வேலை செய்கிறது.

"ஷேம் ஷேம்" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை. 'நான் செய்தது தப்பு' என்று உணரும் பிள்ளை சரிசெய்யப் பார்க்கும். 'நானே மோசம்' என்று கூசிப்போன பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளியும், அல்லது இன்னும் ஓங்கி அடிக்கும்.

'ஷேர் பண்ணு' விஷயத்திலும் இதே அவசரம்தான். 'என்னுது' என்பதே இப்போதுதான் புரிகிறது. அதற்குள் கொடு என்றால் பறிகொடுத்த மாதிரிதான் இருக்கும். முறை வைப்பது எளிது. "அஞ்சு நிமிஷம்" என்றால் மூன்று வயதுக்கு விளங்காது. "இன்னும் ரெண்டு ரவுண்டு, அப்புறம் அவ முறை" என்றால் விளங்கும். விருந்தாளி வருவதற்கு முன், உயிராய் நினைக்கும் இரண்டு பொம்மைகளை அவனையே எடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். கொடுத்ததற்குச் சாக்லேட் வேண்டாம். அதே வார்னகென், டொமசெல்லோ 2008இல் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்ததில், பரிசு வாங்கிப் பழகியவர்கள் பரிசு நின்றபின் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள்.

இந்த ஊரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். வீட்டில் தமிழ், ஆயாவிடம் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், கீழே விளையாடும்போது இந்தி. நிறமும் எண்ணும் எந்த மொழியில் வந்தாலும் பரவாயில்லை. உணர்ச்சிகளின் பெயர் மட்டும், அழும்போது நீங்கள் சமாதானப்படுத்தும் மொழியிலேயே முதலில் வரட்டும். 'ஆங்க்ரி', 'ஸ்யாட்' இரண்டோடு நிற்காமல் ஏமாற்றம், எரிச்சல், கூச்சம், பொறாமை, ஏக்கம் எல்லாம் சொல்லிக்கொடுங்கள். "அப்பா வரலைன்னு ஏக்கமா இருக்கா?" என்று கேட்டால் பாதி அழுகை அடங்கும். பகல் முழுக்கக் கூட இருக்கும் ஆயாவுக்கும் இந்த முறையைச் சொல்லிவையுங்கள். "நோவாயித்து நோடு" என்று கன்னடத்தில் அவர் சொன்னாலும் பிள்ளைக்கு அது நம் 'நோவு' தானே.

தூக்கத்தை மறக்காதீர்கள். 3, 4 வயதில் பகல் தூக்கம் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டிராஃபிக்கில் மாட்டி ஒன்பது மணிக்கு வரும் அப்பாவுக்காகப் பதினொன்று வரை விழித்து, ஏழுக்கு ஸ்கூல் வேனுக்கு எழும் பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்ப்பது கொடுமை.

அப்படியானால் அந்த சாரியை யார் சொல்வது? நீங்கள் சொல்லுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்தபடி, அந்தக் குழந்தையின் அம்மாவிடம், "மன்னிச்சுக்கங்க, இவன் தள்ளிட்டான், வலிச்சிருக்கும். இனிமே நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்று அவன் காதுபடச் சொல்லுங்கள். சொன்ன மாதிரியே அன்று முழுக்கக் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு சறுக்குமரத்தடியில் நில்லுங்கள்.