மொய்ங்காவில் தேங்காய்ப்பால் ஊற்றாதீர்கள்

பர்மாவின் யாங்கூனுக்குச் சுற்றிப் பார்க்க வரும் நம் ஆட்கள், 1871-இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலைக் கும்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்கு மேல் மொய்ங்கா தேடி அலைகிறார்கள். மீன் சாறு ஊற்றிய இந்த பர்மிய நூடுல்ஸ் காலைச் சாப்பாடு. கைப்பக்குவம் உள்ள தெருக்கடையில் வெயில் ஏறுவதற்குள் அண்டா காலியாகிவிடும்.

அதைவிடப் பெரிய வருத்தம், தமிழ்ச் சமையல் வீடியோக்கள் சிலவற்றில் மொய்ங்கா என்று சொல்லித் தேங்காய்ப்பாலை ஊற்றுகிறார்கள். தேங்காய்ப்பால் சேருவது ஒன்னோ கவ்ஸ்வே என்ற இன்னொரு பர்மிய நூடுல்ஸில். அது கோழியும் கோதுமை நூடுல்ஸும். மொய்ங்கா மீனும் அரிசிச் சேமியாவும். பாலை ஊற்றினால் எலுமிச்சைப்புல் வாசம் அப்படியே அமுங்கிவிடும்.

ஆறு பேருக்குச் சொல்கிறேன். தேளி அல்லது கெளுத்தி ஒரு கிலோ. உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து வழவழப்புப் போகக் கழுவுங்கள். 3 லிட்டர் தண்ணீரில் நசுக்கிய எலுமிச்சைப்புல் 4 தண்டு, ஒரு துண்டு இஞ்சி சேர்த்து 20 நிமிடம் வேகவிட்டு மீனை எடுத்துச் சதையை உதிருங்கள். முள்ளையும் தலையையும் வீசிவிடாதீர்கள்! திரும்ப அதே தண்ணீரில் அரைமணி நேரம் கொதித்து வடிந்தால்தான் சாறு இறங்கும்.

வெங்காயம், பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய் அரைத்த விழுதை எண்ணெய் பிரிய வதக்கி, மஞ்சள்தூளோடு மீன் சதையைப் போட்டுப் பிரட்டுங்கள். பலர் இதைச் செய்யாமல் சதையை நேரே கொதியில் கொட்டுகிறார்கள். கவிச்சி போகாததற்கு அதுதான் காரணம். பிறகு வடித்த சாற்றில் சேர்த்து, மீன் சாஸ் 3 மேசைக்கரண்டி ஊற்றுங்கள்.

கெட்டிப்படுத்த வறுத்த அரிசி மாவு கால் கப், வறுத்த கடலை மாவு கால் கப். பச்சைத் தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். சூட்டில் மாவைத் தூவினால் கட்டி தட்டும், பிறகு எதுவும் செய்ய முடியாது. சோள மாவு வேண்டாம். வழவழப்புத்தான் வரும், வறுத்த மணம் வராது.

இனி வாழைத்தண்டு. ஒரு சாண் போதும், உள்தண்டு மட்டும். வட்டமாக நறுக்கும்போது வரும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, கறுக்காமலிருக்க மோர்த் தண்ணீரில் போட்டு வையுங்கள். கடைசி அரைமணி நேரம் சின்ன வெங்காயத்தோடு சாற்றில் வேக வேண்டும். நாம் பொரியலாகவும் கூட்டாகவும் அறிந்த அதே தண்டுதான். இங்கே மீன் சாற்றைக் குடித்து, கடித்தால் ‘நறுக்’கென்று விட்டுக்கொடுக்கிறது. இது இல்லாமல் செய்ததை மொய்ங்கா என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வராது. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் சென்னையில் போட்ட அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடைகளில் மீன் இல்லாமலே வாழைத்தண்டு சூப் கொடுப்பதுண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். தண்டைக் கைவிடவில்லையே!

பர்மாவின் மேற்குக் கரையில் ராக்கைன் பக்கத்து மீன் நூடுல்ஸான மொந்தி வேறு வகை. தெளிந்த சாறு, மிளகுக் காரம், மாவே கிடையாது. இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

பரிமாறும்போது சேமியாமேல் சாறு, அவித்த முட்டை, கொத்தமல்லி, வறுத்த மிளகாய்த்தூள், எலுமிச்சை. பேஜோ என்ற மொறுமொறுப்பான பருப்பு வடையை எல்லாவற்றுக்கும் கடைசியாக நொறுக்கிப் போடுங்கள், முன்னமே போட்டால் ஊறிச் சவசவத்துவிடும். மிஞ்சிய சாறு மறுநாள் இறுகியிருக்கும். கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சிறுதீயில் கிளறினால் போதும்.