கனிமீட் ஆடியோ: மைக் இல்லை, ஆன்டெனா

வியாழனின் நிலவான கனிமீட் எழுப்பும் சத்தத்தை நாசாவின் ஜூனோ விண்கலத்தின் மைக் பதிவு செய்தது என்று ஒரு ஆடியோ பகிரப்படுகிறது. ஆடியோ உண்மையானதுதான், மைக் என்பது மட்டும் சரியில்லை. 2021 ஜூன் 7 அன்று 1,038 கி.மீ. உயரத்தில் கடந்தபோது ஜூனோவின் வேவ்ஸ் கருவி அளந்தவை பிளாஸ்மாவின், அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்களாலான வாயுவின், மின், காந்த அலைகள். மின்புலத்துக்கு ஆன்டெனா, காந்தப்புலத்துக்குக் கம்பிச்சுருள். அவற்றின் அதிர்வெண்ணைக் காதுக்குக் கேட்கும்படி மாற்றித்தான் 50 விநாடி ஆடியோவாக்கினார்கள். நடுவில் சட்டென்று சுருதி ஏறுகிறதே, அது கலம் கனிமீடின் காந்தமண்டலத்தில் (அதன் காந்தப்புலம் ஆளும் பகுதியில்) வேறொரு பகுதிக்குள் நுழைந்த இடம்.

2021 டிசம்பரில் நாசா வெளியிட்ட குறிப்பிலேயே, அதிர்வெண்ணைக் காதுக்குக் கேட்கும்படி மாற்றியது சொல்லப்பட்டிருக்கிறது. நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால், நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் வேவ்ஸ் கோப்பைத் திறந்து அலகைப் பாருங்கள். மின்புல அளவீட்டில் வோல்ட்டும் மீட்டரும்தான் இருக்கும். மைக் என்றால் ஒலி அழுத்தத்தின் அலகான பாஸ்கல் அல்லவா இருக்க வேண்டும்?